ஹாபியை வருமானமா மாத்துங்கன்னு சொன்னேன், அதை வாபஸ் வாங்குறேன்



நம்ம சேனலை ஆரம்பத்துல இருந்து பார்க்கிறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். "ஹாபியில இருந்து மாசம் 10,000 ரூபாய்"னு ஒரு வீடியோ போட்டிருந்தேன். நல்லா ஓடின வீடியோ அது. சனி ஞாயிறு சும்மா போகுது, கையில இருக்கிற திறமை சும்மா தூங்குது, ரெண்டையும் காசாக்குங்கன்னு பதினோரு நிமிஷம் பேசியிருப்பேன். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஒரே ஒரு பிரச்சினை. அதைப் பேசினப்போ எனக்குன்னு ஒரு ஹாபியே கிடையாது. பரண் மேல ஒரு பெட்டி இருந்துச்சு, அவ்வளவுதான்.

இப்போ ஹாபி இருக்கு. மரத்துல கப்பல் மாடல் கட்டுறேன். அச்சுல வார்த்த பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டுறது இல்ல. அடிக்கட்டையில ஆரம்பிச்சு, அது மேல ஒவ்வொரு சட்டமா நிறுத்தி, சட்டத்துக்கு மேல பலகை போர்த்தி, நிஜக் கப்பல் எந்த வரிசையில கட்டினாங்களோ அதே வரிசையில கட்டுறது. "பிளாங்க் ஆன் ஃப்ரேம்"னு சொல்வாங்க. அதைக் காசாக்கவும் முயற்சி பண்ணிப் பார்த்தேன். அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் இதை எழுதுறேன். அந்த வீடியோவுல சொன்னது தப்பு. ஏன் தப்புன்னு கணக்கோட சொல்றேன், ஏன்னா நமக்குத் தெரிஞ்ச மொழி அதுதான்.

பரண் மேல இருந்த பெட்டி

2021. வீட்டுல இருந்தே வேலை. லேப்டாப்பை மூடினா அதே அறை, அதே நாற்காலி. ராத்திரி தூக்கம் வராம வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தப்போ, ஒரு வயசான மனுஷர் ஒரு சின்னப் பலகையைத் தண்ணியில ஊறவெச்சு, சூடு காட்டி வளைச்சு, கப்பல் உடம்புல ஒட்டுறதைப் பார்த்தேன். பேச்சே இல்ல. நாப்பது நிமிஷம் அசையாம பார்த்தேன். மறுநாள் போனஸ் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே ஆர்டர் போட்டுட்டேன்.

எதை? எச்.எம்.எஸ். விக்டரி. 1765ல கடல்ல இறங்கின கப்பல், 1805ல ட்ராஃபல்கர் சண்டையில நெல்சன் இருந்த கப்பல், இன்னைக்கும் இங்கிலாந்துல போர்ட்ஸ்மத்துல நிக்குது. மூணு பாய்மரம், நூத்துக்கும் மேல பீரங்கி. ஒரு பேப்பர் படகு தவிர வாழ்க்கையில எதையும் கட்டாதவன் ஆர்டர் போட்ட முதல் கப்பல் இது. பைக் ஓட்டத் தெரியாதவன் லாரி வாங்கின கதை.

கிட் விலை அனுப்புற செலவோட சேர்த்து 24,000. கார்டுல தேய்ச்சேன். மூணு வாரம் கழிச்சு கூரியர்ல இருந்து ஒரு மெயில்: சுங்க வரி, அது இதுன்னு இன்னும் 21,000 கட்டினாத்தான் பெட்டி வெளியே வரும். நான் ஆடிப் போயிட்டேன். அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். சுங்க அட்டவணையில பொம்மையும் ஸ்கேல் மாடலும் ஒரே தலைப்பு, 9503. 2020 பட்ஜெட்டுல அதுக்கான அடிப்படை வரியை 20 சதவீதத்துல இருந்து 60 ஆக்கினாங்க. 2023ல 70. அந்த வரி மேல சர்சார்ஜ், எல்லாத்துக்கும் மேல ஜிஎஸ்டி. வெளிநாட்டுல இருந்து எதையாவது வாங்கும்போது வண்டியில போடுறதுக்கு முன்னாடி இந்த ஒரு விஷயத்தைப் பாருங்க. விலைக்குப் பக்கத்துல அது எழுதியிருக்காது.

ஆக 45,000. கார்டு பில் வந்தப்போ கையில அவ்வளவு இல்ல. போனஸ்ல பாதி ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியாச்சு. அதனால நாலு மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டினேன். ஆமா, பெர்சனல் ஃபைனான்ஸ் சேனல் நடத்துறவன்தான். மாசம் 3.5 சதவீதம் வட்டி, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. நாலு மாசத்துல சுமார் 6,900 ரூபாய் வட்டிக்கே போச்சு. மொத்தம் 51,900.

பெட்டியைத் திறந்து எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன் தெரியுமா? ஆறு. முதுகெலும்பு மாதிரி ஒரு பிளைவுட் பலகை, அதுல குறுக்குத் தடுப்புகளைச் சொருகணும். அது வரைக்கும் சரி. அப்புறம் கையேட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு பீரங்கிக்கும் தனித்தனியா கயிறு கட்டணும்னு பார்த்ததும் மூடி வெச்சுட்டேன். பெட்டி பரணுக்குப் போச்சு. 51,900 வகுத்தல் 6. மணிக்கு 8,650 ரூபாய்.

அது மேல படுத்திருந்த ரெண்டு வருஷமும், ஏதோ ஒரு பொருளைத் தேடிப் பரண்ல கை விடும்போதெல்லாம் அந்தப் பெட்டி கையில தட்டும். செலவு பண்ணின காசை விட அந்த உறுத்தல் மோசம். அந்த மாதிரி ஒரு உறுத்தல் உங்க வீட்டுலயும் இருக்கும். கிட்டாரோ, கேமராவோ, துணி காயப்போடுற டிரெட்மில்லோ. நாம ஹாபி வாங்கலை. ஹாபி இருக்கிற ஒரு ஆளா நம்மளை நினைச்சுக்கிற உரிமையை வாங்கினோம். பொருள் வீட்டுக்கு வந்த அன்னைக்கே அந்த சந்தோஷம் தீர்ந்துடுது.

சின்னதா, மறுபடி முதல்ல இருந்து

ரெண்டாவது முயற்சி கிட் இல்லாம. முழுக் கப்பலும் இல்ல. ட்ரைட்டன்னு ஒரு 28 பீரங்கி பிரிட்டிஷ் ஃப்ரிகேட், அதோட நடுப்பகுதியை மட்டும் ரொட்டித் துண்டு மாதிரி வெட்டி எடுத்தா எப்படி இருக்குமோ, அது மட்டும். இதைப் பழகுறவங்களுக்காகவே இதோட வரைபடம் இலவசமா கிடைக்குது. பிரிண்ட் எடுக்க 240 ரூபாய்.

இங்க ஒரு வித்தியாசத்தைச் சொல்லணும், இல்லன்னா மத்தது புரியாது. கடையில விக்கிற பெரும்பாலான மரக் கிட்டுகள்ல உள்ளே இடைவெளி விட்டு விட்டு பிளைவுட் தடுப்பு இருக்கும், அது மேல பலகை ஒட்டுவோம். அது தப்பில்ல, அழகாவே வரும். ஆனா பிளாங்க் ஆன் ஃப்ரேம்ல உள்ளேயும் ஏமாத்து வேலை கிடையாது. முதல்ல ஏரா, அதாவது கப்பலோட அடிக்கட்டை. அது மேல மீனோட விலா எலும்பு மாதிரி நெருக்க நெருக்கமா சட்டங்கள். ஒவ்வொரு சட்டமும் ஒரே பலகையில அறுத்தது இல்ல. ஏழெட்டு துண்டை ரெண்டு அடுக்கா ஒட்டிச் செய்யணும், ஒரு அடுக்கோட இணைப்பு வர்ற இடத்துல இன்னொரு அடுக்கோட இணைப்பு வரக்கூடாது.

ஏன் இவ்வளவு தொல்லைன்னு நானும் முதல்ல நினைச்சேன். ஒரே பலகையில 'யு' வடிவத்துல அறுத்தா முடிஞ்சது இல்லையா? அறுத்தேன். கையில எடுத்தேன். வளைவுல பட்டுன்னு உடைஞ்சது. மரத்தோட நார் ஒரு திசையிலதான் ஓடும். வளைவுல அந்த நார் குறுக்கே வந்துட்டா பிஸ்கட் மாதிரி உடையும். அதனால ஒவ்வொரு துண்டையும் நார் நீளவாக்குல வர்ற மாதிரி திருப்பித் திருப்பி வெட்டி இணைக்கிறாங்க. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி கப்பல் தச்சர்களுக்கும் இதே பிரச்சினை, இதே தீர்வு. புத்தகத்துல படிச்சா ஒரு வரி. கையில உடைஞ்சா மறக்காது.

இதுல இருந்து முதலீட்டுக்கு ஒரு பாடம்னு நான் சொல்லப் போறதில்ல. பயப்படாதீங்க.

மரம் எங்க கிடைக்கும்? வெளிநாட்டுல இதுக்குப் பேரிக்காய் மரம், பாக்ஸ்வுட்னு போவாங்க. அதை இறக்கினா மறுபடி 9503 மாதிரி ஒரு கதை ஆரம்பிக்கும். தேக்கு சரிப்படாது. நிஜக் கப்பலுக்குத் தேக்கு மாதிரி வராது, பம்பாயில மலபார் தேக்குல கட்டி 1817ல இறக்கின எச்.எம்.எஸ். ட்ரிங்கமலி, நம்ம திருகோணமலை பேர்ல, இன்னைக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ல மிதக்குது. ஆனா மாடல்ல ஒரு அடி கால் அங்குலமாகும், 48ல ஒரு பங்கு. அந்த அளவுல தேக்கோட சின்னத் துளைகூட பலகையில பள்ளம் விழுந்த மாதிரி தெரியும். நெருக்கமான, ரேகை தெரியாத மரம் வேணும். சென்னப்பட்டணா பொம்மை பண்றாங்களே, அந்த மரம் நம்ம வெட்பாலைதான். வெளேர்னு, வழவழன்னு இருக்கும். பெங்களூர்ல வேலை பார்க்கிற நண்பன் மைசூர் ரோட்டுல வரும்போது அங்க ஒரு பட்டறையில சொல்லி, நல்லா காய்ஞ்ச துண்டுகளா வாங்கிட்டு வந்தான். மஞ்சக்கடம்பும் கொஞ்சம். அந்த மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தா பெயின்ட்டே வேண்டாம். மொத்தம் 2,800 ரூபாய்.

கருவிக்குத்தான் பயந்தேன். நான் பார்த்த வீடியோக்கள்ல எல்லாரும் ஒரு குட்டி டேபிள் ரம்பம் வெச்சிருப்பாங்க, விலை கேட்டா 38,000. கார்டு வரைக்கும் கை போச்சு. பெட்டி ஞாபகம் வந்துச்சு, கையை எடுத்தேன். சௌகார்பேட்டைக்குப் போனேன். நகைப் பட்டறைக்காரங்க பயன்படுத்துற சின்ன ரம்பம், அதுக்கு பிளேடு ஒரு டஜன், ரெண்டு மூணு அரம், சாமணம், கையால சுத்துற டிரில். கப்பல் மாடலுக்கு வேணும்கிறதுல முக்கால்வாசி பொற்கொல்லர் கடையிலயே இருக்கு. அங்க கம்பியச்சுன்னு ஒரு இரும்புத் தகடு கிடைக்கும், வரிசையா சின்னச் சின்ன ஓட்டை போட்டது, தங்கக் கம்பியை மெலிசாக்க இழுக்கிறது. அதுல தங்கத்துக்குப் பதிலா மூங்கில் குச்சியை விட்டு இழுத்தா தலைமுடி கனத்துக்கு ஆணி கிடைக்கும். பலகையைச் சட்டத்தோட சேர்க்கிற மர ஆணி. கடைக்காரர் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மூங்கிலா தம்பி?"ன்னு ரெண்டு தடவை கேட்டார்.

மத்ததெல்லாம் சாதாரணம். ஃபெவிகால், உப்புத்தாள், துணி கிளிப், பூதக்கண்ணாடி வெச்ச டேபிள் லைட், மாஸ்க். மாஸ்க்கை விட்டுடாதீங்க, மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. எல்லாம் சேர்த்து, மரம், பிரிண்ட் உட்பட 8,600 ரூபாய்.

பழக்கதோஷத்துல ஒரு நோட்டு வெச்சு நேரம் குறிச்சேன். 14 மாசம், 310 மணி நேரம். வாரத்துக்கு அஞ்சு மணி நேரம்னு வெச்சுக்கோங்க. 8,600 வகுத்தல் 310. மணிக்கு 28 ரூபாய் கூட வரலை. மல்டிபிளக்ஸ்ல டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங்னு 550 ரூபாய் குடுத்து மூணு மணி நேரம் உட்கார்ந்தா மணிக்கு 183. இன்னொரு விதமா சொன்னா, அந்த 14 மாச ஹாபியோட மொத்தச் செலவு, பரண்ல கிடந்த பெட்டியோட ஒரு மணி நேரச் செலவை விட 50 ரூபாய் கம்மி.

ஹாபி செலவைப் பார்க்க இதுதான் என் அளவுகோல் இப்போ. விலையைப் பார்க்காதீங்க, நிஜமா உட்கார்ந்த மணி நேரத்தால வகுத்துப் பாருங்க. உட்காரப் போற நேரம் இல்ல, உட்கார்ந்த நேரம். மர வேலை மாதிரி கைவேலைக்கு இந்தக் கணக்கு ரொம்ப சாதகம், ஏன்னா இதுல பொருள் மலிவு, நேரம்தான் கொள்ளை கொள்ளையா போகும். ஒரு துண்டு தப்பா அறுத்துட்டா நஷ்டம் நாலு ரூபாய் மரம். அரை மணி நேரம் போச்சேன்னு வேணா கவலைப்படலாம், ஆனா அந்த அரை மணி நேரத்துக்காகத்தானே உட்கார்ந்தோம்?

அம்மா அப்போ ஊர்ல இருந்து வந்து எங்கூட இருந்தாங்க. ஞாயிறு காலையில நான் உப்புத்தாள் தேய்ப்பேன், எதிர்ல அம்மா கீரை ஆய்வாங்க. ரெண்டு பேரும் பெருசா பேசிக்க மாட்டோம். எப்பவாவது, "அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்குடா"ம்பாங்க. பார்த்தா நிஜமாவே இருக்கும்.

அப்புறம் ஆர்டர் வந்துச்சு

கட்டி முடிச்சதும் ஒரு போட்டோவை ஸ்டேட்டஸ்ல வெச்சேன். மறுநாள் எங்க மேனேஜர் கூப்பிட்டார். புது வீடு கட்டுறார், நாலு மாசத்துல கிரகப்பிரவேசம். ஹால்ல கண்ணாடி அலமாரியில வைக்க இதே மாதிரி ஒண்ணு வேணும். "எவ்வளவு ஆகும் சொல்லுப்பா." நான் முழிச்சேன். அவரே 30,000ன்னு சொன்னார். 10,000 அட்வான்ஸ் உடனே ஜிபேல வந்துடுச்சு. எனக்கு என் வீடியோவே கண் முன்னாடி ஓடிச்சு. "திறமையைக் காசாக்குங்க." அடுத்த வீடியோவுக்குத் தலைப்புகூட யோசிச்சுட்டேன்.

கணக்கு போட்டது அன்னைக்கு ராத்திரிதான். முன்னாடியே போட்டிருக்கணும். ரெண்டாவது தடவை வேகம் வரும், 250 மணி நேரத்துல முடியும்னு வெச்சேன். மரம், பசைக்கு 3,500 போக மிச்சம் 26,500. மணிக்கு 106 ரூபாய். அது மேல வருமான வரியும் உண்டு. அப்போ என் கைக்கு வர்ற சம்பளம் 58,000, மாசம் 190 மணி நேர வேலை, மணிக்கு 305. சம்பள வேலையில எனக்குக் கிடைக்கிறதுல மூணுல ஒரு பங்கு கூலிக்கு, எனக்கு இருந்த ஒரே ஓய்வு நேரத்தை வித்திருக்கேன். என் சம்பள ரேட்டுல சொல்லணும்னா கிட்டத்தட்ட 80,000 கேட்டிருக்கணும். கேட்டிருந்தா சார் சிரிச்சிருப்பார். அவர் மேல தப்பில்ல. அலமாரியில வைக்கிற ஒரு பொருளுக்கு அவர் மனசுல இருந்த விலை அது. அதோட உள்ளே ஏழெட்டு துண்டு ஒட்டின சட்டம் இருக்கிறது வெளியே தெரியவே தெரியாது.

சரி, காசு கம்மி, பரவாயில்ல, பிடிச்ச வேலைதானேன்னு நினைச்சேன். அங்கதான் அடி.

நாலு மாசத்துல 250 மணி நேரம்னா வாரத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல. முன்னாடி செஞ்சதை விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. ஆபீஸ் முடிஞ்சு பத்து மணிக்கு உட்கார்ந்தா ஒரு மணி வரைக்கும். பிடிச்சா உட்காருற வேலை, உட்கார்ந்தே ஆகணும்கிற வேலை ஆச்சு. தப்பா அறுத்தா முன்னாடி நாலு ரூபாய் நஷ்டம், இப்போ ஒரு நாள் நஷ்டம். அதனால தப்பைச் சரி பண்ணாம உப்புத்தாள் போட்டு மறைக்க ஆரம்பிச்சேன். நண்பன் அந்தப் பக்கம் வர ஒரு மாசம் ஆகும்னான், அது வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு வேற ஒரு இடத்துல மரம் வாங்கினேன். அக்டோபர் மழை. மரம் சரியா காயலை. தொட்டாலே தெரிஞ்சது. தெரிஞ்சே பலகை போர்த்தினேன். ராத்திரி ஏசியில ரெண்டு வாரம் இருந்ததும் ஈரம் வத்தி, ஒவ்வொரு பலகையும் அகலத்துல சுருங்கி, நடுவுல தலைமுடி கனத்துக்கு இடைவெளி விழுந்துடுச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, மேல இருந்து கீழ வரைக்கும்.

ஒரு நாள் ராத்திரி அம்மா தண்ணி குடிக்க எழுந்து வந்தாங்க. நான் அந்த இடைவெளிகள்ல மரத்தூளும் பசையும் குழைச்சு அடைச்சுக்கிட்டு இருந்தேன். "ஏன்டா, ஆபீஸ் வேலையையா வீட்டுக்குக் கொண்டு வந்துட்ட?"ன்னு கேட்டாங்க. கிண்டல் இல்ல. தூக்கக் கலக்கத்துல நிஜமாவே அப்படித்தான் நினைச்சிருக்காங்க. லேப்டாப் முன்னாடி நான் எந்த முகத்தோட உட்காருவேனோ, அதே முகத்தோட கப்பல் முன்னாடி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மேனேஜர் ரூமுக்குப் போனேன். "சார், என்னால முடியல. மரம் சுருங்கிடுச்சு. நேரத்துக்குத் தர முடியாது. தந்தாலும் நல்லா இருக்காது." வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. அப்ரைசலுக்கு ரெண்டு மாசம் இருந்த நேரம் வேற. அவர் ரொம்ப சாதாரணமா, "சரி விடுப்பா, அதுக்கு ஏன் இப்படி மூஞ்சி?"ன்னார். பத்தாயிரத்தைத் திருப்பி அனுப்பினேன். கிரகப்பிரவேசத்துக்குப் போனப்போ அலமாரியில ஒரு ரெடிமேட் கப்பல் இருந்துச்சு, ஆன்லைன்ல வாங்கினது, 4,500 ரூபாயாம். "நல்லாத்தான இருக்கு?"ன்னு கேட்டார். நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு ரெண்டு மாசத் தூக்கமும் 3,500 ரூபாயும் போச்சு, அதோட இன்னொண்ணும் போச்சு: அதுக்கப்புறம் அஞ்சு மாசம் நான் ரம்பத்தைத் தொடவே இல்ல.

அப்போ எக்ஸ்ட்ரா வருமானமே வேண்டாமா?

இதைச் சொன்னா ஒரு நியாயமான கேள்வி வரும். சம்பளம் 22,000, வாடகை 9,000, எஜுகேஷன் லோன் ஒரு பக்கம், இவனுக்கு ஹாபி தத்துவம் பேசுறது சுலபம்னு. சரிதான். வருமானம் பத்தலைன்னா எக்ஸ்ட்ரா வேலை பார்க்கத்தான் வேணும். நான் அதைத் தப்புன்னு சொல்லலை. ஆனா அப்படிப் பார்க்கிறதா இருந்தா, ஒரு மணி நேரத்துக்கு அதிகமா எது தருதோ அதைப் பாருங்க. பெரும்பாலும் அது நீங்க ஆபீஸ்ல ஏற்கெனவே செய்யுற வேலையாத்தான் இருக்கும். டியூஷனா இருக்கலாம், ஃப்ரீலான்ஸ் அக்கவுண்ட்ஸா இருக்கலாம். கஷ்டமான மாசத்துல ஆறு மாசம் அதைச் செஞ்சு முடிச்சுட்டு நிறுத்துங்க. மணிக்கு நூறு ரூபாய்க்கு உங்களுக்குப் பிடிச்ச ஒரே விஷயத்தை வித்துடாதீங்க. வருமானமும் பெருசா வராது, பிடிச்சதும் போயிடும்.

இதையே தொழிலா செஞ்சு ஜெயிக்கிறவங்க உண்டு. உலகம் முழுக்க மியூசியத்துக்கும் சேகரிப்பாளர்களுக்கும் கட்டுறவங்க இருக்காங்க. அவங்க அதைத் தொழில்னு தெரிஞ்சு, தொழில் விலைக்கு, தொழில் நேரத்துல செய்யுறாங்க. என்னை மாதிரி ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிக்கிறது இல்ல. பழைய காலத்துலயும் அப்படித்தான். 17ஆம் நூற்றாண்டு கடைசியில பிரிட்டிஷ் கடற்படைக்காகச் செஞ்ச மாடல்கள் லண்டன்ல கிரீனிச் கடல்சார் மியூசியத்துல இருக்கு. பலதுல கீழ்ப்பக்கம் பலகையே போர்த்தாம சட்டங்களை அப்படியே காட்டி விட்டிருப்பாங்க. சம்பளம் வாங்கின கைகள் செஞ்சது அது. வீட்டுல பொழுதுபோக்கா கட்டுறவங்களுக்கு வழி காட்டினது பிற்காலத்துல வந்த புத்தகங்கள். 1933ல சார்ல்ஸ் டேவிஸ் எழுதின புத்தகத்தை இன்னைக்கும் சொல்றாங்க.

எனக்கு உண்மையில சங்கடமா இருக்கிற விஷயம் வேற. நம்ம ஆளுங்க நிறைய பேர் எங்கிட்ட கேட்கிற கேள்வி, "அண்ணா, வீக்எண்ட் சும்மா இருந்தா குற்ற உணர்ச்சியா இருக்கு, என்ன பண்ணலாம்?" 24 வயசு, 25 வயசு பசங்க. வாரம் அம்பது மணி நேரம் வேலை பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கினா குற்ற உணர்ச்சி. அந்தக் குற்ற உணர்ச்சியை அவங்களுக்கு யார் குடுத்தா? நானும்தான். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை இருக்கு, அதை வாங்காம விட்டா நஷ்டம்னு எத்தனை வீடியோவுல சொல்லியிருக்கேன். நான் ட்ரைட்டன்ல செலவு பண்ணின 310 மணி நேரத்தை 305 ரூபாயால பெருக்கினா 94,550 ரூபாய் "நஷ்டம்". அந்தக் கணக்கைப் போட முடியும். போட்டு என்ன கிடைக்கும்? அந்த நேரத்துக்கு யாரும் எனக்கு 305 தரப் போறது இல்ல. அது போன் திரையில போயிருக்கும்.

இப்போ நான் செய்யுறது இவ்வளவுதான். சம்பளம் வந்ததும் எஸ்ஐபி, எமர்ஜென்சி ஃபண்ட், வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் போனப்புறம் 1,000 ரூபாய் தனி அக்கவுண்ட்டுக்குப் போகும். ஹாபிக்கு வேணும்கிறது அதுல சேர்ந்தாத்தான் வாங்குவேன். கார்டு கிடையாது, இஎம்ஐ கிடையாது, நோ காஸ்ட் இஎம்ஐயும் கிடையாது. கையில இருக்கிற வேலை முடியாம அடுத்ததுக்கு மரம் வாங்க மாட்டேன். யாராவது விலைக்குக் கேட்டா, விக்கிறதுக்கு இல்லைங்கன்னு சொல்லிடுவேன். ரெண்டு பேர் கேட்டாச்சு. சொல்லும்போது கொஞ்சம் கை நடுங்கத்தான் செய்யுது, 30,000 ரூபாய் இல்லையா.

விக்டரி பெட்டியை வித்துட்டேன். கோயம்புத்தூர்ல ரிட்டயர் ஆன ஒருத்தர் 28,000க்கு வாங்கினார். எனக்கு 23,900 நஷ்டம். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாகமா எண்ணிப் பார்த்துட்டு, "ஏன் தம்பி விக்கிறீங்க, எல்லாமே அப்படியே இருக்கே"ன்னு கேட்டார். அவர் கை ரேகையெல்லாம் பசை. ஏற்கெனவே நாலு கப்பல் முடிச்சவராம். இப்போ மாசம் ஒரு போட்டோ அனுப்புறார், முப்பதாவது பீரங்கி வரைக்கும் வந்துட்டார்.

நான் அடுத்ததா ஒரு சின்ன ஸ்கூனர் ஆரம்பிச்சிருக்கேன், ஹன்னா. 1775ல அமெரிக்க சுதந்திரப் போர் நேரத்துல வாஷிங்டன் ஏற்பாடு பண்ணின முதல் ஆயுதக் கப்பல். ஹெரால்ட் ஹான்னு ஒருத்தர் காட்டின வழியில, சட்டங்களையெல்லாம் ஒரு பலகை மேல தலைகீழா நிறுத்திக் கட்டுறது. இது வரைக்கும் ஒன்பது சட்டம் நிக்குது. பத்தாவது நேத்து உடைஞ்சது.

அந்தப் பழைய வீடியோவை எடுக்கப் போறதில்ல, அதுக்கு மேல இந்தப் பதிவோட லிங்க்கை ஒட்டி வைக்கிறேன். ஞாயிறு வீடியோவுல சௌகார்பேட்டை பில், மர பில், அந்த நோட்டு மூணையும் காட்டுறேன். சுருங்கின அந்த ரெண்டாவது ட்ரைட்டனும் மேஜை மேல இருக்கும், அம்மா அதுல பேனா போட்டு வெச்சிருக்காங்க.